பிராங்க்ளினின் மைந்தர்



இடியும் மின்னலும் சூழ்ந்த வானத்தை நோக்கிப் பட்டம் விடுகின்ற பெரியவர் ஒருவர். அவர் அருகே அண்ணாந்து பார்த்தவண்ணம் நிற்கும் சிறுவன் ஒருவன். இந்தப் படத்தை உங்களுள் பலர் ஏதேனும் ஒரு புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். பெரியவர் பெஞ்சமின் பிராங்க்ளின். மின்னலும் மின்சாரமே என்பதை 1752-ஆம் ஆண்டில் பட்டத்தின் துணைகொண்டு ஆராய்ந்தவர். பின்னாளில் அமெரிக்க ஐக்கிய நாடுகளைத் தோற்றுவித்த பெருமக்களுள் ஒருவர். அருகில் நிற்பவன் அவருடைய மகன் வில்லியம்.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில், படமில்லாத வரலாற்றுப் பாடம் உப்பில்லாத சோறு என்று எங்களுக்குப் போதித்தார்கள். உண்மைதான், ஆனால் படமும் சில வேளைகளில் பொய் சொல்லும். பட்டம் பறந்த அந்த ஆண்டில் வில்லியத்துக்கு இருபத்தொரு வயது இருக்கும். படையில் சேர்ந்து எல்லைப்புறத்துக்குச் சென்று திரும்பிய வாலிபர் அவர். பிந்திய நூற்றாண்டின் ஓவியர்கள் அவரைச் சிறுவனாக்கிவிட்டார்கள். சிறுவனாக நிறுத்திவிட்டால், அவன் வளர்ந்து என்ன ஆனான் என்று யாரும் கேட்கமாட்டார்கள் அல்லவா? அமெரிக்கர்கள் நெடுங்காலம் கேட்க விரும்பாத கேள்வி அது. அந்தக் கேள்வியைத்தான் இன்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

வில்லியம் பிறந்தது 1730-ஐ ஒட்டிய காலத்தில். முறையான திருமணத்தின் வழி வந்த பிள்ளை அல்லர். தாய் யார் என்பது இன்றுவரை எவருக்கும் தெரியாது. பிராங்க்ளின் அக்குழந்தையைத் தம் வீட்டுக்குக் கொண்டுவந்து, மனைவி டெபராவிடம் ஒப்படைத்து வளர்த்தார். பிலடெல்பியா நகரில் அச்சுக்கூடம் நடத்திக்கொண்டிருந்த காலம் அது. டெபராவுக்குப் பிறந்த ஆண் குழந்தை நான்கு வயதில் பெரியம்மையால் இறந்துபோயிற்று. எஞ்சிய ஒரே ஆண்மகன் வில்லியம்.

மகனை அவையில் முந்தியிருக்கச் செய்வதே தந்தையின் கடமை என்று வள்ளுவர் வகுத்ததைப் பிராங்க்ளின் அறிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அதை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினார். பென்சில்வேனியா சட்டசபையில் தாம் வகித்த எழுத்தர் பதவியை 1751-இல் மகனுக்குக் கிடைக்கச் செய்தார். எல்லைப்புறத்தில் கோட்டைகள் கட்டச் சென்றபோது மகனை உதவியாளராக உடன் அழைத்துச் சென்றார். 1757-இல் லண்டனுக்குச் சென்றபோதும் உடன் சென்றவர் வில்லியமே. அங்கே மிடில் டெம்பிளில் சட்டம் பயின்று 1758-இல் அவர் பாரிஸ்டரானார். 1762-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் தந்தைக்கு டாக்டர் பட்டமும் மகனுக்கு எம்.ஏ. பட்டமும் வழங்கிக் கௌரவித்தது. அதே ஆண்டில் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் அரசாங்கம் வில்லியத்தை நியூஜெர்சி மாகாணத்தின் கவர்னராக நியமித்தது. அச்சுக்கூடக்காரர் வீட்டில், அதுவும் அத்தகைய பிறப்போடு வளர்ந்த பிள்ளைக்கு ஒரு மாகாணத்தின் கவர்னர் பதவி! பலருக்கு வயிறு எரிந்தது. பிராங்க்ளினுக்கு உள்ளம் குளிர்ந்தது. 1763-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதக் கடுங்குளிரில், மகன் பதவி ஏற்பதைக் காண அவர் பெர்த் அம்பாய் நகர்வரை உடன் சென்றார்.

இந்த இடத்தில் ஒன்றை நீங்கள் நன்றாக நினைவில் இருத்த வேண்டும். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரத்தில் பதின்மூன்று குடியேற்ற மாகாணங்கள் அன்று பிரிட்டிஷ் முடியின் கீழ் இருந்தன. அக்காலத்தில் பெஞ்சமின் பிராங்க்ளின் மன்னரை எதிர்த்தவர் அல்லர். பென்சில்வேனியா ஒரு தனிக் குடும்பத்தின் உரிமையாக இருந்தது. அதை மாற்றி மன்னரின் நேரடி ஆட்சிக்குக் கொண்டுவர வேண்டும் என்பதற்காகவே 1764-இல் அவர் மீண்டும் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். 1765-இல் பார்லிமெண்ட் முத்திரை வரிச் சட்டத்தை இயற்றியது. அதை அவர் விரும்பவில்லை. ஆயினும் சட்டம் வந்துவிட்டதே என்று, முத்திரைத்தாள் விநியோகிக்கும் உத்தியோகத்துக்குத் தம் நண்பர் ஒருவரின் பெயரையே சிபாரிசு செய்தார். மன்னர்மீது விசுவாசம், பேரரசின்மீது பற்று, அரசாங்க உத்தியோகத்தின்மீது மதிப்பு ஆகிய மூன்றையும் வில்லியம் தந்தையிடமே கற்றார்.

கவர்னராகவும் அவர் சோடை போகவில்லை. பிற்காலத்தில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகமாக வளர்ந்த குயின்ஸ் கல்லூரிக்கு 1766-இல் சாசனம் வழங்கியது அவரது ஆட்சிதான். அதே ஆண்டில், அமெரிக்கப் பழங்குடிப் பெண்கள் இருவரைக் கொன்ற வெள்ளையர் இருவர் நியூஜெர்சியில் விசாரிக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டனர். பழங்குடியினரைக் கொன்றவர்கள் தண்டனையின்றித் திரிந்த காலம் அது. 1768-இல் ஸ்டான்விக்ஸ் கோட்டையில் நடந்த உடன்படிக்கைக் கூட்டத்தில் இராகுவாய் இனத்துப் பெரியோர்கள் வில்லியத்துக்கு 'நீதி வழங்குபவர்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள். மன்னர் அளித்த பதவியைவிட இந்தப் பெயர் பெரிது என்று நான் கருதுகிறேன்.

1771-இல் பிராங்க்ளின் இங்கிலாந்தில் ஒரு பாதிரியார் நண்பரின் இல்லத்தில் ஓய்வாகத் தங்கியிருந்தார். அப்போது தம் வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கினார். உலகப் புகழ்பெற்ற அந்தச் சுயசரிதம் மகனுக்கு எழுதும் கடிதமாகவே தொடங்குகிறது. விளிக்கப்படுகின்ற மகன் அறியாப் பிள்ளை அல்லர். நாற்பது வயதை எட்டிய கவர்னர். எத்தனையோ நாட்டு மாணவர்கள் உழைப்புக்கும் சிக்கனத்துக்கும் வழிகாட்டியாகப் படித்துவரும் நூல் அது. அது யாருக்காகத் தொடங்கப்பட்டது என்பதைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் மிகச் சிலரே.

பிறகு காற்றுத் திசை மாறியது. 1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகள் கடலில் எறியப்பட்டன. அடுத்த மாதம், 1774 ஜனவரி 29-ஆம் நாள், லண்டனில் பிரிவி கவுன்சிலின் முன்னே பிராங்க்ளின் நிறுத்தப்பட்டார். மாசசூசெட்ஸ் கவர்னர் எழுதிய அந்தரங்கக் கடிதங்களை அம்பலமாக்கியதற்கு அவரே காரணம் என்பது குற்றச்சாட்டு. வெடர்பர்ன் என்ற அரசாங்க வக்கீல் ஏறத்தாழ ஒரு மணி நேரம் அவரைத் திருடன் என்றும் நாணயமற்றவன் என்றும் ஏசினார். கூடியிருந்த பிரபுக்கள் சிரித்துக் கைதட்டினார்கள். அறுபத்தெட்டு வயதுப் பிராங்க்ளின் முகத்தில் ஒரு சலனமும் காட்டாமல் நின்றுகொண்டிருந்தார். ஓரிரு நாளில் அவருடைய தபால் துறைப் பதவியும் பறிபோயிற்று. அவர் உள்ளத்தில் இருந்த ராஜவிசுவாசம் அன்றோடு முறிந்தது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகின்றனர்.

தந்தைக்கு நேர்ந்த அவமானத்தைக் கேட்டு மகன் பதவியை உதறுவார் என்று பிராங்க்ளின் எதிர்பார்த்தார் போலும். உத்தியோகத்தைவிட உன் பண்ணையில் வாழும் வாழ்வே சுதந்திரமானது, கௌரவமானது என்று குறிப்பாக எழுதினார். மகன் பதவியை விடவில்லை. அது பணத்தாசையால் மட்டும் என்று நான் எண்ணவில்லை. நம் காவியத்தில் கர்ணன் செஞ்சோற்றுக் கடன் பேசுகிறான் அல்லவா? வில்லியத்தின் நெஞ்சிலும் அப்படியொரு கணக்கு இருந்தது. மன்னரின் பெயரால் உறுதிமொழி எடுத்தாயிற்று. பதினோராண்டு அவருடைய சம்பளத்தை உண்டாயிற்று.

1774 டிசம்பரில் டெபரா காலமானார். கணவர் லண்டனுக்குச் சென்று பத்து ஆண்டுகளாகியும் வந்து பார்க்கவில்லை. பனிப்புயலுக்கிடையே பயணம் செய்து சவ ஊர்வலத்தில் நடந்தவர் வில்லியம்தான். தாங்கள் இலையுதிர் காலத்திலேனும் வந்திருக்கலாகாதா, அந்த ஏமாற்றம் அவர் மனத்தை அரித்துவிட்டதே என்று அவர் தந்தைக்கு எழுதினார். டெபரா அவரைப் பெற்றவர் அல்லர் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

அடுத்த ஆண்டு ஜனவரியில் வில்லியம் தம் சட்டசபையில் பேசினார். உங்கள் முன்னே இரண்டு பாதைகள் இருக்கின்றன; ஒன்று சமாதானத்துக்கும் நல்வாழ்வுக்கும் செல்வது, மற்றொன்று உள்நாட்டுப் போரின் கொடுமைக்குச் செல்வது என்று எச்சரித்தார். மே மாதம் பிராங்க்ளின் பிலடெல்பியா வந்து சேர்ந்தார். அதற்குள் லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்து ரத்தம் சிந்தியாயிற்று. தந்தையும் மகனும் ட்ரெவோஸ் என்ற இடத்தில், ஜோசப் கேலவே என்ற பொது நண்பரின் மாளிகையில் சந்தித்தார்கள். தந்தை விடுதலைக்காக நின்றார். மகன் மன்னருக்காக நின்றார். இருவரும் இணங்கவில்லை.

இந்தச் சண்டையின் நடுவே ஒரு பையன் இருந்தான். அவன் பெயர் டெம்பிள். வில்லியம் லண்டனில் சட்டம் பயின்றபோது, அவரும் தம் தந்தையைப் போலவே மணமின்றிப் பெற்ற மகன். லண்டனிலேயே வளர்ந்த அவனைப் பிராங்க்ளின் தம்முடன் அழைத்து வந்திருந்தார். பதினைந்து வயதில்தான் அவன் தன் தந்தையின் வீட்டு வாசலை மிதித்தான்.

1776 ஜூன் மாதத்தில் நியூஜெர்சி மாகாணக் காங்கிரஸ் தன் கவர்னரைக் கைது செய்தது. விசாரணையில் ஜான் விதர்ஸ்பூன் என்ற கல்லூரித் தலைவர் வில்லியத்தின் 'உயர்குடிப் பிறப்பை' ஏளனமாகக் குத்திக் காட்டினார். வில்லியத்தை கனெக்டிகட்டுக்குக் கொண்டுபோனார்கள். சில வாரங்களில் சுதந்திரப் பிரகடனம் வெளியாயிற்று. அதை வரைந்த ஐவர் குழுவில் பெஞ்சமின் பிராங்க்ளினும் ஒருவர். வில்லியத்தின் மனைவி எலிசபெத், கணவரை வாக்குறுதியின்பேரில் வீட்டுக்கு அனுப்பச் செய்யுங்கள் என்று மாமனாருக்குக் கடிதம் எழுதி மன்றாடினார். மாமனார் கொஞ்சம் பணம் அனுப்பினார். மகனுக்காக ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவ்வாண்டு இறுதியில் அவர் பிரான்சுக்குத் தூதராகச் சென்றபோது டெம்பிளையும் உடன் கொண்டுபோனார்.

வில்லியம் காவலில் இருந்தும் சும்மா இருக்கவில்லை. மன்னர் பக்கம் திரும்புவோருக்கு மன்னிப்புப் பத்திரங்களை ரகசியமாக வழங்கினார். அது தெரியவந்ததும், 1777-இல் அவரை லிட்ச்பீல்டு சிறையில் தனியறையில் அடைத்தார்கள். எழுதுகோலும் தாளும்கூட மறுக்கப்பட்டன. ஏறத்தாழ எட்டு மாதம் அந்த வாசம். எலிசபெத் நியூயார்க்கில் மரணப்படுக்கையில் இருப்பதாகச் செய்தி வந்தது. ஒரு முறை பார்த்து வர அனுமதி வேண்டி வில்லியம் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு எழுதினார். எதிரிப் படைத்தலைவரான வாஷிங்டன் மனம் இளகி, அவ்விண்ணப்பத்தைக் காங்கிரசுக்கு அனுப்பிவைத்தார். காங்கிரஸ் மறுத்தது. ஜூலை 28-ஆம் நாள் எலிசபெத் இறந்தார்.

வில்லியத்தின் கதை இத்தோடு நின்றிருந்தால் அவரைத் தியாகி என்று சொல்லி முடித்திருப்பேன். வரலாறு அவ்வளவு எளிதாக நம்மை விடுவதில்லை. 1778-இல் டெலவேர் மாகாணத் தலைவருக்கு ஈடாக அவர் விடுதலையானார். பிரிட்டிஷ் வசமிருந்த நியூயார்க்கிலிருந்து கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்றிருக்கலாம்; செல்லவில்லை. மன்னருக்காக நின்ற ராஜவிசுவாசிகளைத் திரட்டி, ஊர்களைத் தாக்கும் படைகளை ஏவினார். 1780-இல் அமைந்த ராஜவிசுவாசிகள் சங்கக் குழுவுக்குத் தலைவரானார். நீதி வழங்குபவர் என்று பெயரெடுத்தவர் இப்போது பழி தீர்ப்பவராக மாறினார்.

யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை சரணடைந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. 1782 ஏப்ரல் 12-ஆம் நாள், ஜாஷுவா ஹடி என்ற நியூஜெர்சிக் கேப்டனை, போர்க்கைதியாக இருந்தவரை, ராஜவிசுவாசிகள் சிலர் கடற்கரைக்குக் கொண்டுபோய் விசாரணையின்றித் தூக்கிலிட்டார்கள். தங்களில் ஒருவர் கொல்லப்பட்டதற்குப் பழி என்றார்கள். அக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய லிப்பின்காட் என்பவரைப் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் விசாரித்தது. குழுவின் உத்தரவைத்தான் நிறைவேற்றுகிறோம் என்று நம்பிச் செய்தார் என்ற காரணத்தால் விடுதலை செய்தது. குழுவின் உத்தரவு என்றால் அதன் தலைவர் யார்? விரல் வில்லியத்தை நோக்கி நீண்டது. இதற்கிடையில் வாஷிங்டன், பதிலுக்கு ஒரு பிரிட்டிஷ் அதிகாரியைத் தூக்கிலிடுவதாக அறிவித்தார். சீட்டு விழுந்தது ஆஸ்கில் என்ற இளைஞர்மேல். அவருடைய தாய் பிரெஞ்சு அரசவைக்கு எழுதி மன்றாடியதால் அவர் உயிர் தப்பியது. அதற்கு முன்பே, 1782 ஆகஸ்டில், வில்லியம் லண்டனுக்குப் புறப்பட்டுவிட்டார். சிறைக்கொடுமையும் மனைவியின் மரணமும் அவர் சினத்துக்குக் காரணம் எனலாம். ஆனால் காரணம் வேறு, நியாயம் வேறு. ஹடியின் மரணத்துக்கு நியாயம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை.

அவ்வாண்டு பாரிஸில் சமாதானப் பேச்சு நடந்தது. போரில் மன்னர் பக்கம் நின்று உடைமை இழந்த அமெரிக்கர்களுக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்று பிரிட்டிஷார் கேட்டார்கள். அமெரிக்கத் தூதர்களுள் இதை யாவரினும் உறுதியாக எதிர்த்தவர் பிராங்க்ளின். ஏறத்தாழ 60,000 பேர் நாட்டைத் துறந்து கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் பிற இடங்களுக்கும் போனார்கள். அவர்களுள் ஒருவர் தம் மகன் என்பதை அவர் மறந்திருக்க இயலாது.

1784-இல் வில்லியம் தாமாகவே எழுதினார். பழைய அன்பைப் புதுப்பித்துக்கொள்ள விழைவதாகச் சொன்னார். ஆனால், மன்னருக்கும் நாட்டுக்கும் கடமை என்று எதை நினைத்தேனோ அதைச் செய்தேன். அதே நிலை மீண்டும் வந்தாலும் அவ்வாறே செய்வேன் என்றும் எழுதினார். பிராங்க்ளின் ஆகஸ்ட் 16-ஆம் நாள் பதில் எழுதினார். முதுமையில் ஒரே மகன் தம்மைக் கைவிட்டதைப் போலவும், தம் புகழும் பொருளும் உயிரும் பணயமாக இருந்த ஒரு காரியத்தில் எதிர்த்து ஆயுதம் ஏந்தியதைப் போலவும் வேறெதுவும் தம்மைப் புண்படுத்தியதில்லை என்றார். அரசியல் கடமைகளுக்கு முன்னே இயற்கையான கடமைகள் சில உண்டு என்றும் இடித்துரைத்தார். இயற்கையான கடமை மகனுக்கு மட்டும்தானா? லிட்ச்பீல்டு சிறையில் மகன் கிடந்தபோது தந்தைக்கு இருந்த இயற்கைக் கடமை எங்கே போயிற்று? இக்கடிதத்தை வகுப்பில் படித்துக் காட்டும்போதெல்லாம் ஏதேனும் ஒரு மாணவன் எழுந்து இதைக் கேட்டுவிடுவான். நான் மறுமொழி சொல்ல முயன்றதில்லை.

பிராங்க்ளின் கல்நெஞ்சர் என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. வில்லியம் ஸ்ட்ரஹான் என்ற லண்டன் அச்சகத்தார் பார்லிமெண்ட் உறுப்பினராக இருந்து அமெரிக்காவுக்கு எதிராக வாக்களித்தவர். நீ என் பகைவன் என்று 1775-இல் அவருக்கு ஒரு கடிதம் எழுதிய பிராங்க்ளின் அதை அனுப்பாமலே வைத்துக்கொண்டார். போர் முடிந்ததும் பழைய நட்பு தொடர்ந்தது. பகைநாட்டாரை மன்னிக்க முடிந்தது. மகனை மன்னிக்க முடியவில்லை. மகன் தம்முடைய பழைய உருவமாகவே நின்றது அதற்குக் காரணமாயிருக்கலாம் என்பது என் ஊகம். முத்திரை வரிக் காலத்துப் பிராங்க்ளின் எங்கே நின்றாரோ அங்கேயே வில்லியம் நின்றுவிட்டார். தந்தை எழுபது வயதை நெருங்கும்போது மாறினார். மாறியது சரியென்றே உலகம் தீர்ப்புச் சொன்னது. மாறாதவரைப் பார்க்கும்போதெல்லாம் தம் பழைய நாட்கள் நினைவுக்கு வருவது எந்த மனிதருக்கும் இனியதன்று.

1785 ஜூலையில், பிராங்க்ளின் பிரான்சிலிருந்து தாயகம் திரும்பும் வழியில், சவுதாம்டனில் சில நாள் தங்கினார். தந்தை, மகன், பேரன் மூவரும் அங்கே சந்தித்தனர். நடந்தது கணக்குத் தீர்க்கும் வேலை. நியூஜெர்சியில் இருந்த பண்ணையை வில்லியம் டெம்பிளுக்கு வாங்கிய விலைக்கும் குறைவாக எழுதிக் கொடுத்தார். நியூயார்க் நிலங்களைப் பழைய கடனுக்கு ஈடாகத் தந்தைக்குக் கொடுத்தார். பத்திரங்களில் கையெழுத்தாயிற்று. கப்பல் புறப்பட்டது. தந்தையும் மகனும் மறுபடி ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

1790 ஏப்ரல் 17-ஆம் நாள் பிராங்க்ளின் காலமானார். உயிலில் வில்லியத்துக்கு நோவாஸ்கோஷியாவில் இருந்த பயனற்ற உரிமை நிலமும், ஏற்கெனவே அவரிடம் இருந்த புத்தகங்களும் காகிதங்களும், வரவேண்டிய பழைய கடன் பாக்கிகளும் விடப்பட்டிருந்தன. என்னிடமிருந்து பறித்துவிட முயன்ற சொத்தில் இதற்குமேல் ஏன் விடவில்லை என்பதற்கு, போரில் அவன் எனக்கெதிராக நடந்துகொண்ட விதமே விளக்கம் என்ற பொருளில் ஒரு வாசகமும் சேர்க்கப்பட்டிருந்தது. சுயசரிதத்தின் கையெழுத்துப் படிகளை டெம்பிள் பெற்றார். அவர் பதிப்பித்து வெளியிட்டது 1810-களின் இறுதியில். அன்பு மகனே என்று விளிக்கப்பட்டவர் அதற்குள் மறைந்துவிட்டார்.

வில்லியம் பிரிட்டிஷ் அரசாங்கம் தந்த உபகாரச் சம்பளத்தில் லண்டனில் வாழ்ந்தார். 1788-இல் மறுமணம் செய்துகொண்டார். தாத்தா இறந்தபின் டெம்பிள் சிறிது காலம் அவரோடு வந்து வசித்தார். இரண்டாம் மனைவியின் உறவுப் பெண்ணொருத்தியிடம் டெம்பிளுக்கு 1798-இல் எலன் என்ற பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் தலைமுறையிலும் மணமற்ற பிறப்பு. டெம்பிள் குழந்தையை விட்டுவிட்டுப் பாரிஸுக்குப் போய்விட்டார்; தந்தையை மறுபடி வந்து பார்க்கவில்லை. குழந்தையைப் பொறுப்பேற்று வளர்த்தவர் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த வில்லியம். 1813-இல் தாம் இறக்கும்வரை எலனைத் தம் வீட்டுப் பிள்ளையாகவே வைத்திருந்தார்.